கேபிள் மாட்டிய தூக்கம்

அலுவலகத்தில் அவளுக்குத் தூக்கக்கா என்று பெயர். மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் பகலில் அவள் ஒரு கொட்டாவி விட்டுக்கூட யாரும் பார்த்ததில்லை. மின்கருவிகளைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்தான் அவள் தொழில். பேட்டரியில் ஓடுகிற எந்தப் பெட்டியானாலும் சும்மா இருக்கும் நேரத்தில் உறங்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி அரை நாள் தாங்காது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் மேய்க்க ஒரு நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். தூங்கு என்றால் தன் சிப்பைத் தூங்க வைக்க வேண்டும், எழுந்திரு என்றால் எழுப்பி நிறுத்த வேண்டும், அதுதான் டிரைவரின் பொறுப்பு. அப்படிப்பட்ட டிரைவர்களை எழுதுகிறவள், மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் காறித் துப்புகிறவள், தூக்கக்கா.

சொந்தக்காரர்களிடம் இந்தத் தொழிலை விளக்கிப் பார்த்து அவள் ஓய்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரு தடவை வாய் தவறி "டிரைவர் வேலை" என்று சொன்னதற்கு, "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு வண்டி ஓட்டற வேலை?" என்று பெரியம்மா ஒருத்தி கண்கலங்கிவிட்டாள். தூக்கக்காவின் தம்பி நிஜமாகவே டிரைவர். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கீழ்வீட்டில் அவன் குடும்பம், மாடியில் அவள். "எங்க வீட்ல ரெண்டு டிரைவர். நான் ஓட்டற டிரைவர், அக்கா தூங்க வைக்கிற டிரைவர்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால், "இன்னொருத்தர் துண்டு என் துண்டுக்குப் பக்கத்துல தொங்கணுமா? சீ!" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா நிஜமாகவா என்று யாருக்கும் தெரியாது. எதைக் கண்டாலும் அவளுக்கு அருவருப்புதான். அடுத்தவர் கீபோர்டில் ஒரு எழுத்து அடிக்க வேண்டியிருந்தாலும் முதலில் துடைப்பாள். அலுவலகக் கழுவுதொட்டியில் காபி காய்ந்த கோப்பையைப் பார்த்தால் அன்றைக்குப் பூராவும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துவாள். இதெல்லாம் வெளி அழுக்கு. உள் அழுக்கு என்று அவள் சொல்வது வேறு ஒன்றை.

இந்தத் தொழிலில் நல்ல செய்திக்குப் பெயர் சைபர். டிரைவரிடம் ஒரு வேலையைச் சொன்னால், முடித்ததும் அது ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். சைபர் என்றால் எல்லாம் சுகம். வேறு எந்த எண் வந்தாலும் கோளாறு. எண்ணைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் முட்டி போட வைத்தார்கள், இங்கே சைபர் வாங்குவதற்குள் முட்டி தேய்ந்துவிடுகிறது. ஆனால் சோம்பேறி ஒருத்தன் டிரைவர் எழுதினால் என்ன செய்வான் தெரியுமா? ஒரு வேலையும் செய்யாமல் நேராகச் சைபரை எடுத்து நீட்டுவான். தூங்க வைக்கச் சொன்னாயா, ஆச்சு, சைபர். எழுப்பச் சொன்னாயா, ஆச்சு, சைபர். உள்ளே சிப் பிணம் மாதிரிக் கிடக்கும். செய்யாத வேலைக்குச் சைபர் சொல்கிறவனைக் கண்டால் தூக்கக்காவுக்கு வயிற்றைப் புரட்டும். எழுதினவன் கையைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்துக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மேலே வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். வழக்கமான கேலி எதுவும் இல்லை.

"அக்கா, உங்க பெட்டி பொய் சொல்லுதுக்கா."

"எந்தப் பெட்டி?"

"இடுப்புல மாட்டறதுதான். நீ தூங்க வைக்கிறியே, அது."

அவளுடைய நிறுவனம் செய்கிற பெட்டி அது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. கிடங்கு, சுரங்க வழி, தண்ணீர்த் தொட்டி என்று தனியாக உள்ளே போய் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். சிவப்புப் பொத்தான் ஒன்று, சின்ன விளக்கு ஒன்று. ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ரேடியோ வெளியே காவலறைக்குச் செய்தி அனுப்பும், அங்கே அலாரம் அலறும். செய்தி போய்விட்டது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். தம்பியின் கிடங்கில் மட்டும் நாற்பது பேர் இடுப்பில் அது இருக்கிறது. தம்பி இடுப்பிலும்தான்.

"நெட்டையனைத் தெரியும்ல? என் கூட வேலை செய்யறவன். ஒரு மாசத்துக்கு முன்னாடி கால் அடிபட்டுச்சுன்னு சொன்னேனே."

"பெட்டி ஏதோ விழுந்துச்சுன்னு சொன்ன."

"அது முழுக்கதை இல்லக்கா. பின்வரிசையில சரக்கு அடுக்கின பலகை சரிஞ்சு பாதத்து மேல உக்காந்துடுச்சு. கால எடுக்க முடியல. பொத்தானை அழுத்தியிருக்கான். பச்சை எரிஞ்சிருக்கு. சரி, வந்துருவாங்கன்னு அப்படியே இருந்திருக்கான். மைனஸ் இருபத்திரெண்டுல. நாப்பது நிமிஷம்."

"யாரும் வரலையா?"

"காவலறைல ஒரு சத்தமும் கேக்கலையாம். நான்தான் தற்செயலா வண்டியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். உதடெல்லாம் வெளுத்துப் போய்க் கெடந்தான். ஏண்டா கத்தலைன்னு கேட்டேன். பச்சை எரிஞ்சுச்சே, எதுக்குக் கத்தணும்ங்கறான்." தம்பி படியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "ரெண்டு விரலை எடுத்துட்டாங்கக்கா. எடது கால்ல."

பாட்டிலில் ஊறிய நுரை அவள் கைவழியே வழிந்து முழங்கைக்கு வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

"எங்க ஆபீசுக்குப் புகார் வந்திருக்கணுமே?"

"போச்சு. பதிலும் வந்துச்சு. பெட்டில ஒரு குறையும் இல்ல, இவன் சார்ஜ் போடாம மாட்டிக்கிட்டுப் போயிட்டான்னு. எங்க மேனேஜ்மென்ட்டு அதை வெச்சு அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி குடுத்திருக்கு. இன்னொரு கடுதாசி வந்தா வேலை போயிடும்."

"சார்ஜ் இல்லேன்னா பச்சை எப்படிடா எரியும்?"

"அதைத்தான் அவனும் பாக்கறவன்கிட்டல்லாம் கேக்கறான்" என்றான் தம்பி. "உன்னால ஏதாச்சும் கண்டுபுடிக்க முடியுமான்னு பாரு. நாளைக்கு அந்தப் பின்வரிசைக்கு நான்தான் போறேன்."

திங்கட்கிழமை அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அவருக்குச் சிரிச்சமுகம் என்று பட்டப்பெயர். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் ஒரே சிரிப்பு. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் காகிதம் புரட்டுவார். அவர் நீட்டும் காகிதத்தைத் தூக்கக்கா எப்போதும் ஒரு மூலையில் மட்டும் பிடித்து வாங்குவாள், எலிவாலைப் பிடிப்பதுபோல. அன்றைக்கும் அவர் ஓர் அறிக்கையை எச்சில் தொட்டுப் புரட்டி நீட்டினார்.

"ஆயிரம் தடவை தூங்க வெச்சு ஆயிரம் தடவை எழுப்பியிருக்கோம் மேடம். ஆயிரத்துக்கு ஆயிரம். ஒண்ணுகூடத் தவறல. குளிர்ல பேட்டரி சுருண்டுடும், இவங்க சார்ஜும் போட மாட்டாங்க. நாம என்ன பண்ண முடியும்?" சிரித்தார். "வெள்ளிக்கிழமை அடுத்த ரெண்டாயிரம் பெட்டி வெளிய போகுது. தூக்கப் பகுதிக்கு உங்க கையெழுத்து வேணும். அந்தக் கிடங்குப் புகாரையும் அதே கையோட மூடிடுவோம்."

அவள் காகிதத்தை மூலையில் பிடித்து வாங்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருப்பவர் டிக் மாஸ்டர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. எதையும் சரி பார்த்துப் பச்சை மையில் டிக் போடுவதே அவர் வாழ்க்கை. வீட்டிலே மனைவி எழுதிக் கொடுக்கும் கடைச் சீட்டுக்குக்கூட டிக் போடுவார் என்று பேச்சு.

மூன்று நாள் அவளே உட்கார்ந்து சோதித்தாள். சோதனை முறை எல்லாருக்கும் மனப்பாடம். பெட்டியில் ஒரு கேபிளை மாட்ட வேண்டும். பெட்டிக்குள் நடப்பதெல்லாம் அந்த கேபிள் வழியாகக் கணினித் திரையில் வரி வரியாக ஓடும். இருபது நிமிஷம் விட்டால் பெட்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். பொத்தானை அழுத்தினால் எழும். காவலறைக்குப் பதிலாக மேசையில் வைத்திருக்கும் ரிசீவர் கீச்சென்று கத்தும். ஒவ்வொரு தடவையும் எழுந்தது. ஒவ்வொரு தடவையும் கத்தியது. திரையில் வரிக்கு வரி சைபர். இவ்வளவு சைபரைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும், குமட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தன் விரல் போய்விட்டது, இங்கே சுகம் சுகம் என்று திரை நிறையப் பல்லிளிக்கிறது.

அதிலும் ஒரு சங்கடம். இந்த ஆழ்ந்த தூக்கம் அவளுடைய சொந்த யோசனை. முதலில் பெட்டிக்கு லேசான தூக்கம்தான் இருந்தது, பேட்டரி ஒரு நாள் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் அவள்தான் ரேடியோவின் மின்சாரத்தையே வெட்டிவிட்டு உறங்கும் வழியைச் சேர்த்தாள். பேட்டரி இரண்டு நாள் வந்தது. கூட்டம் போட்டுக் கை தட்டினார்கள். சிரிச்சமுகம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை, குளிர்தான் காரணமா என்று பார்த்துவிடுவோம் என்று பெட்டி, ரிசீவர், மடிக்கணினி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டறைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அதன் உறைபெட்டியைத் திறந்ததும் வந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரோ போன வருஷம் வைத்துவிட்டு மறந்த டப்பா ஒன்று பனிக்குள் புதைந்து கிடந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை. பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே வைத்தாள். கேபிள் குறுக்கே இருந்ததால் கதவு மூடவில்லை. அழுத்திப் பார்த்தாள். கேபிள் அந்தப் பூஞ்சையில் தேய்ந்து கறுப்பாக வெளியே வந்தது.

"கருமம்!" என்று கேபிளைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பெட்டியைக் கேபிள் இல்லாமலே உள்ளே வைத்து மூடினாள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். பச்சை எரிந்தது. ரிசீவர் கத்தவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த சிரிச்சமுகம் அதைப் பார்த்துவிட்டார். "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல? குளிரு!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவளும் கிட்டத்தட்ட நம்பிவிட்டாள். ஆனால் அந்தக் கேபிளைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. சோப்பு நீரில் துணியை முக்கித் துடைத்து, ஜன்னலில் காயப் போட்டாள். அது காய்கிறவரை பெட்டி மேசையில் சும்மா கிடந்தது. குளிர் விட்டு, தொட்டால் வெதுவெதுப்பாகவே ஆகிவிட்டது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா, பொத்தானை ஓர் அழுத்து அழுத்தினாள்.

பச்சை எரிந்தது. ரிசீவர் வாயே திறக்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் இருபது நிமிஷம் விட்டு அழுத்தினாள். பச்சை. மௌனம். காய்ந்த கேபிளை மாட்டி, இருபது நிமிஷம் விட்டு அழுத்தினாள். பச்சை, கீச். கேபிளைக் கழற்றி, மறுபடி இருபது நிமிஷம் விட்டு அழுத்தினாள். பச்சை, மௌனம்.

விஷயம் விளங்கிவிட்டது. கேபிள் வழியாகத் துளி மின்சாரம் பெட்டிக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தத் துளி போதும், ரேடியோவின் உயிரைப் பிடித்து வைக்க. கேபிள் மாட்டியிருக்கும்வரை ரேடியோ கண்ணை மூடிக்கொண்டிருந்ததே தவிர, தூங்கவே இல்லை. ஆயிரம் தடவை எழுப்பினோம் என்கிறார்களே, தூங்காதவனை ஆயிரம் தடவை தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கேபிள் இல்லாதபோது ரேடியோ நிஜமாகவே தூங்குகிறது. எழும்போது எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதே அதற்கு மறந்து போயிருக்கிறது. அதன் டிரைவர், வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்கியது, செய்தியை அனுப்பு என்று அதன் காதில் போட்டுவிட்டு, போனதா இல்லையா என்று கேட்காமலே சைபரைத் திருப்பித் தருகிறது. சைபர் வந்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிகிறது. காலையில் சார்ஜிலிருந்து எடுத்ததும் எல்லாரும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். அப்போது இன்னும் தூங்கப் போயிருக்காது, அலாரம் அலறும். அதோடு சரி. நாள் முழுக்க இடுப்பில் தொங்குவது ஒரு பொய்.

கோபத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. நேராக டிக் மாஸ்டரிடம் போனாள்.

"யாருங்க இந்தக் கேபிளை மாட்டச் சொன்னது? மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? கேபிளை மாட்டிக்கிட்டா அவங்க கிடங்குக்குள்ள போறாங்க?"

டிக் மாஸ்டர் எழுந்தார். அலமாரியிலிருந்து சோதனை முறைக் கோப்பை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். முதல் வரி: சோதனைக்கு முன் கேபிளை இணைக்கவும், கேபிள் இல்லாமல் செய்த சோதனை செல்லாது. கீழே ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே அவளுடைய கையெழுத்து, அப்போது இன்னும் கொஞ்சம் திமிராகவே இருந்த கையெழுத்து.

லேசான தூக்கம் மட்டும் இருந்த காலத்தில் எழுதியது. அன்றைக்கு அதில் ஒரு தப்பும் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தைச் சேர்த்தபோது ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்தினாள். இந்த ஒரு வரியைத் திருத்தவில்லை.

"போன தடவை நான் கேட்டேன் மேடம்" என்றார் டிக் மாஸ்டர் மெதுவாக. "கேபிள் இல்லாம ஒரு தடவை பாக்கலாமான்னு. 'எழுதியிருக்கறதைச் செய்யுங்க, உங்க டிக்கைப் போடுங்க'ன்னீங்க."

அவளுக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லை. ஆனால் அவள் குரலில், அவள் சொல்கிற மாதிரியேதான் இருந்தது. கழுவுமிடத்துக்குப் போனாள். கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள். அடுத்தவர் அழுக்கைக் கழுவித்தான் அவளுக்குப் பழக்கம். இது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் மறுபடியும் கையையே கழுவினாள்.

திருத்தத்துக்குப் பதினொரு வரிதான் தேவைப்பட்டது. எழுந்ததும் ரேடியோவுக்கு அலைவரிசையைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், செய்தி கிடைத்தது என்று காவலறை பதில் சொல்கிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பச்சை. மத்தியானத்துக்குள் முடித்து, கேபிள் இல்லாமல் சோதித்து, சிரிச்சமுகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தன் வரியையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"அருமை மேடம். நாளைக்குப் போற ரெண்டாயிரத்துல இதைப் போட்டுடுவோம்."

"ஏற்கெனவே வெளிய இருக்கறது? அதையெல்லாம் இன்னிக்கே கழட்டச் சொல்லணும் சார்."

"அதைத் திருப்பிக் கூப்பிட்டா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பழசு பழசாவே இருக்கட்டும். வருஷம் முடிஞ்சா எப்படியும் மாத்திடுவாங்க. நல்லா சார்ஜ் போடுங்கன்னு இன்னொரு கடிதம் அனுப்பிடலாம்." விரலை நாக்கில் தொட்டு ஒரு படிவத்தைப் புரட்டினார். "இது அந்தக் கிடங்குப் புகார். சம்பவத்தன்னிக்குக் கருவி நல்ல நிலையில இருந்துச்சுன்னு. இங்க ஒரு கையெழுத்து."

"கால் விரல் போயிருக்கு சார் ஒருத்தருக்கு."

"வருத்தமாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பிறகு, திருத்தம் ஏற்றி அவள் காட்டக் கொண்டுவந்திருந்த பெட்டியை மேசையில் அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க தம்பி அங்கதானே இருக்காரு? அவருக்கு இதை இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நம்ம குடும்பம் பத்திரமா இருந்தாச் சரி."

நம்ம குடும்பமாம். பூஞ்சை பிடித்த அந்த ரப்பர் இதைவிடச் சுத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமாக அவள் அந்தப் பெட்டியை அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். கதைகளில் அப்படித்தான் எறிவார்கள். தூக்கக்கா பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். படிவத்தையும் மடித்து வைத்துக்கொண்டாள். "நாளைக்குத் தரேன்" என்றாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டாள். தம்பி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் கழற்றி வைக்க மறந்து இடுப்பிலேயே கொண்டுவந்திருந்த பெட்டியை அவளே அவிழ்த்து எடுத்தாள், புதியதை மாட்டினாள்.

"என்னக்கா, கண்டுபுடிச்சிட்டியா?"

"ம்."

"எல்லாம் சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு" என்றாள்.

"அப்பாடா. நாளைக்கு நெட்டையன்கிட்டச் சொல்லிடறேன், சரியாயிடுச்சுன்னு. பாவம், இன்னும் சார்ஜ் கடுதாசியையே நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்ப எல்லாருக்கும் புதுசு வருதா?"

அவள் மாடிப்படியில் ஒரு கால் வைத்திருந்தாள். தன் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு இப்போதுதான் கேட்டது. சரியாயிடுச்சு. வேலை எதுவும் செய்யாமல், உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல், கேட்டவனுக்கு உடனே எடுத்து நீட்டிய சைபர். அதை நம்பித் தம்பி சந்தோஷமாகப் பூட்ஸை மூலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். நெட்டையனும் நம்புவான். பச்சை எரிந்ததால் அன்றைக்குக் கத்தாமல் இருந்தானே, அந்த மாதிரி. அவளுக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. தம்பி வீட்டுக் கழுவுதொட்டியில் குனிந்து நின்று எடுத்தாள். அதுவரை ஒரு நாளும் அந்தத் தொட்டியை அவள் தொட்டதில்லை.

"என்னக்கா ஆச்சு?" தம்பி தண்ணீரோடு ஓடி வந்தான்.

"பொய் சொன்னேன்டா. ஒண்ணும் சரியாகல" என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் தண்ணீரைக் கீழே வைத்தான். பிறகு புதுப் பெட்டியை இடுப்பிலிருந்து கழற்றி அவள் மடியில் வைத்தான். "நான் மட்டும் இதை மாட்டிக்கிட்டு அவனுங்க நடுவுல எப்படிக்கா நிப்பேன்?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளும் தம்பியோடு கிடங்குக்குப் போனாள். வெளிக்கூடத்தில் ஆட்கள் தடித்த சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரமாகச் சார்ஜ் தாங்கியில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. நெட்டையன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சரக்குச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு அந்த வேலைதான்.

"நான் இந்தப் பெட்டி செய்யற எடத்துலேர்ந்து வரேன்" என்றாள் அவள். நாற்பது பேரும் திரும்பினார்கள். "ஆளுக்கு ஒண்ணு எடுத்து இந்த மேசை மேல வைங்க. இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க."

சூப்பர்வைசர் முறைத்தார், தம்பி அவரிடம் ஏதோ சொன்னான். இருபது நிமிஷம் ஓடியது. பிறகு, "அழுத்துங்க" என்றாள். நாற்பது கை நீண்டது. நாற்பது பச்சை விளக்கு எரிந்தது. காவலறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே காவலாளி தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

யாரோ ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். பொருத்தமாகத்தான் இருந்தது.

"இந்தப் பச்சையை நம்பி உள்ள போகாதீங்க" என்றாள். "இதைச் சோதிக்கற முறையை எழுதினது நான். தப்பா எழுதிட்டேன். சரி பண்ணித் தர்றவரைக்கும் ரெண்டு ரெண்டு பேராப் போங்க, கத்தினாக் கேக்கற தூரத்துல." கைப்பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. சிரிச்சமுகமாக இருக்கும். கையெழுத்துக்குக் காத்திருப்பார்.

நெட்டையன் எழுந்து வந்தான். நடையில் ஒரு சாய்வு இருந்தது.

"அன்னிக்கு நான் சார்ஜ் போட்டிருந்தேன்தானே?"

"போட்டிருந்தீங்க."

"எழுதித் தருவீங்களா?"

அவள் கைப்பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். சிரிச்சமுகத்தின் எச்சில் காய்ந்த மூலை லேசாக நெளிந்திருந்தது. அவள் அதை உள்ளங்கையால் அழுத்தி நீவிவிட்டாள். சம்பவத்தன்று கருவி நல்ல நிலையில் இருந்தது என்ற அச்சு வரியை அடித்துவிட்டு, பேட்டரியில் சார்ஜ் இருந்தது, செய்தி போகவில்லை, விளக்கு பொய்யாக எரிந்தது, சோதனை முறையில் பிழை, பிழை என்னுடையது என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கடைசியில் முடிவு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவள் சைபர் போட்டுப் பழகிய கட்டம். கொஞ்சம் யோசித்து, அதில் இரண்டு என்று போட்டாள்.

நெட்டையன் காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தான். "இது என்ன ரெண்டு?"

"எங்க தொழில்ல சைபர்னா எல்லாம் சரின்னு அர்த்தம். வேற எந்த நம்பரா இருந்தாலும் கோளாறு."

"ரெண்டுன்னா என்ன கோளாறு?"

அவள் பேனாவை மூடினாள். நெட்டையன் குனிந்து தன் இடது பூட்ஸைப் பார்த்தான்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றான். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்ச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.